ஓட்டமும் சிரமதானமும்



இந்தப் பகுதியில் வழமையாக ஒரு நோயைப் பற்றியோ ஒரு மருந்தைப் பற்றியோ எழுதுவேன். இம்முறை ஒரு யோசனையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். வாசித்துவிட்டு "டொக்டருக்கு வேறு வேலை இல்லைப் போல" என்று சிலர் சொல்லக்கூடும். பரவாயில்லை. கடைசி வரை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

என்னிடம் வரும் எங்களுடைய ஆட்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நடக்கிறீங்களோ?" என்பதுதான் அது. பனிக்காலத்தில் வரும் பதில்: "இந்தக் குளிருக்குள்ளை எங்கை டொக்டர் நடக்கிறது?" வசந்தத்தில்: "முழங்கால் நோகுது." கோடையில்: "ஓவர்டைம் வேலை, நேரமில்லை." இலையுதிர் காலத்தில்: "இனிக் குளிர் வந்திடும்தானே." இப்படியே ஒரு வருடம் ஓடிவிடும். ஆள் மட்டும் ஓடமாட்டார்.

நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. இருபத்தைந்து வயதில் கையில் ஒரு பையோடு வந்து, பக்டரியிலும் உணவகங்களிலும் இரண்டு வேலை செய்து, ஊரில் இருந்த சகோதரங்களைக் கரைசேர்த்து, பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் இவர்கள். அந்தத் தலைமுறை இப்போது ஐம்பதையும் அறுபதையும் தாண்டி நிற்கிறது. பிள்ளையின் பட்டமளிப்பைப் பார்க்க வேண்டிய வயதில் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு படுத்திருப்பவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் பொறுக்கவில்லை.

எங்களுக்கு ஏன் கூடுதல் கவனம்?

2000ஆம் ஆண்டில் 'லான்செற்' மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியானது. ஹமில்டன், ரொறன்ரோ, எட்மன்டன் ஆகிய கனேடிய நகரங்களில் வாழும் தெற்காசியர், சீனர், ஐரோப்பிய வழிவந்தோர் ஆகிய மூன்று பகுதியினரை ஒப்பிட்ட ஆய்வு அது. இருதய நோய் அதிகம் காணப்பட்டது தெற்காசியரிடம்தான். சீனி வருத்தமும் எங்களுக்கு இளவயதிலேயே, உடம்பு அவ்வளவு பருக்காமலேயே வந்துவிடுகிறது. அதனால்தான் எங்கள் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை என்று சொல்கிறோம்.

இது தலைவிதி அல்ல. சென்னையில் வைத்தியர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சீனி வருத்தத்தின் வாசலில் நின்ற 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. வழமையான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளுக்குள் 55 வீதமானோருக்கு நோய் வந்துவிட்டது. தினமும் அரை மணித்தியாலம் வேகமாக நடப்பதும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடிக்குமாறு அறிவுறுத்தப்பட்டவர்களில் அது ஏறத்தாழ 39 வீதம். எங்களைப் போன்ற உடம்பு, எங்களைப் போன்ற சோறு. நடந்தால் பலன் உண்டு என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அப்படியென்றால் ஏன் நடக்கிறோம் இல்லை? என் கருத்து இதுதான்: தனியாக, ஒரு காரியமும் இல்லாமல் நடப்பது எங்களுக்குப் பழக்கமில்லை. ஊரில் யாரும் 'எக்சர்சைஸ்' செய்யவில்லை. சைக்கிளில் பள்ளிக்கூடம் போனோம். கிணற்றில் தண்ணீர் அள்ளினோம். தோட்டத்தில் களை பிடுங்கினோம். உடம்பு வேலை செய்தது, ஆனால் வேலைக்கு ஒரு பயன் இருந்தது, பக்கத்தில் கதைக்க ஆளும் இருந்தது. அப்படி வளர்ந்த ஓர் அம்மாவிடம் போய் "சும்மா அரை மணித்தியாலம் நடவுங்கோ" என்றால் அவருக்கு அது விசர் வேலையாகத்தான் தெரியும். ஜிம்முக்கு ஜனவரியில் காசு கட்டிவிட்டு மார்ச்சில் நின்றுவிடும் எங்கள் பொடியன்களின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

பிரித்தானியாவில் ஒக்ஸ்போர்ட்ஷயர் கிராமம் ஒன்றில் வில்லியம் பேர்ட் என்ற குடும்ப வைத்தியர் இருந்தார். அவருக்கும் இதே தலையிடி. 1990களின் இறுதியில் அவர் ஓர் இயற்கைப் பாதுகாப்புத் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து 'பசுமை ஜிம்' என்ற ஒன்றைத் தொடங்கினார். அங்கே இயந்திரங்கள் இல்லை. மண்வெட்டியும் கத்தரியும்தான். ஆட்கள் கூடிப் பற்றை வெட்டுவார்கள், மரம் நடுவார்கள், பாதை திருத்துவார்கள். உடற்பயிற்சி தானாக நடந்துவிடும்.

அடுத்தது லண்டன். எங்கள் உறவினர் பலர் வாழும் நகரம். ஐவோ கோர்ம்லி என்பவர் 2009இல் கிழக்கு லண்டனில் 'குட்ஜிம்' என்ற அமைப்பை ஆரம்பித்தார். ஜிம்மில் ஒரே இடத்தில் நின்று ஓடி வீணாகும் சக்தியை ஊருக்கு உதவப் பயன்படுத்தினால் என்ன என்பதுதான் அவருடைய கேள்வி. குழுவாகக் கூடுவார்கள். ஒரு பூங்காவுக்கோ சமூகத் தோட்டத்துக்கோ ஓடிப் போவார்கள். அங்கே களை பிடுங்குவது, பசளை அள்ளுவது, குப்பை எடுப்பது என்று ஏதாவது ஒரு வேலையை முடிப்பார்கள். பிறகு ஓடியே திரும்புவார்கள். தனிமையில் இருக்கும் முதியவர்களிடம் ஓடிப் போய்க் கதைத்துவிட்டு வருவதும் அவர்களுடைய திட்டத்தில் உண்டு.

சுவீடனில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் என்பவர் 2016இல் ஸ்ரொக்ஹோம் நகரில் ஓடியபடியே குப்பை பொறுக்கும் பழக்கத்தைப் பரப்பினார். 'பிளொகிங்' என்ற பெயரில் அது உலகம் முழுவதும் போய்விட்டது. இங்கே எங்கள் மொன்றியலிலும் றோயல் மலையைப் பராமரிப்பதற்கென்றே 'மலையின் நண்பர்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் கொண்ட அமைப்பு 1986இலிருந்து இயங்குகிறது. வசந்தத்தில் பனி கரைந்ததும் தொண்டர்கள் மலையில் கூடிக் குப்பை அகற்றுவார்கள்.

கனேடிய வைத்தியர்களும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். 2020இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொடங்கி மற்ற மாகாணங்களுக்கும் பரவிய ஒரு திட்டத்தின்படி, வைத்தியர் மருந்து எழுதுவதுபோலவே 'இயற்கைச் சூழலில் நேரம்' என்று எழுதிக் கொடுக்கலாம். அளவு: வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம், ஒரு தடவைக்குக் குறைந்தது இருபது நிமிடம்.

எங்களுக்கு இது புதிதா?

'சிரமதானம்' என்ற சொல்லை எங்களில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் வெள்ளைச் சேட்டைக் கழற்றி வைத்துவிட்டு மைதானத்தில் புல் செருக்காதவர் யார்? இலங்கையில் இந்தச் சொல்லை ஓர் இயக்கமாக்கியவர் ஏ. ரி. ஆரியரத்ன. கொழும்பில் ஆசிரியராக இருந்த அவர், 1958இல் மாணவர்களைக் கனத்தொலுவை என்ற பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துச் சென்று கிராமத்தவரோடு சேர்ந்து வேலை செய்ததுதான் சர்வோதயத்தின் தொடக்கம். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அப்பர் சுவாமிகள் கையில் உழவாரப் படையோடு கோயில் வீதிகளில் புல் செருக்கினார். கோயில்களில் அவரைப் பார்த்தாலே அடையாளம் தெரிவது அந்தக் கருவியால்தான்.

ஆகவே உடலுழைப்பைக் கொடையாகக் கொடுப்பது எங்கள் இரத்தத்தில் ஊறியது என்று மேடையில் பேசலாம். ஆனால் உண்மை வேறு மாதிரி. கோயில் வீதியைக் கூட்டுவோம். பூங்காவில் ஒரு கடதாசியைக் குனிந்து எடுக்கமாட்டோம். ஏன்?

இங்கேதான் நான் கொஞ்சம் கசப்பாக எழுத வேண்டியிருக்கிறது. ஊரில் குப்பை அள்ளும் வேலையைச் சில மனிதர்கள் தலையில் கட்டி, அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தோம். அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு வேறு பேணி வைத்திருந்தோம். அந்த நினைப்பு விமானம் ஏறி எங்களோடு வந்துவிட்டது. "யாரும் கண்டால் என்ன நினைப்பினம்?" என்ற பயம் முழங்கால் நோவை விடப் பெரிய நோவு.

எனக்கு இது தெரியும். நான் 1999இல் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தேன். யாழ்ப்பாணத்தில் பெற்ற மருத்துவப் பட்டம் சூட்கேசுக்குள் இருந்தது. நான் இரவில் ஓர் அலுவலகக் கட்டடத்தைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் விடியற்காலை, ஊரில் எங்கள் குடும்பத்தை நன்கு தெரிந்த ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். என் கையில் இருந்த தும்புத்தடியைப் பார்த்தார். காணாததுபோலத் திரும்பிப் போய்விட்டார். என் மரியாதையைக் காப்பாற்றுவதாக அவர் நினைத்திருக்கலாம். எனக்கு அன்று முழுக்க முகம் சுட்டது.

கடந்த ஏப்ரல் மாதம் நானும் மனைவியும் மார்செல்-லோரான் பூங்காவில் நடக்கப் போனோம். பனி கரைந்து ஆறு மாதக் குப்பை மேலே வந்திருந்தது. கோப்பிக் கப்புகள், சிகரட் கட்டைகள், பொலித்தீன் பைகள். மனைவி பையிலிருந்து கையுறையை எடுத்தா. நான் குனியுமுன் என்னையறியாமலே யாராவது எங்கள் ஆட்கள் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். இருபத்தைந்து வருடமாகியும் அந்தச் சூடு முகத்தில் அப்படியே இருந்தது. மனைவி சிரித்துவிட்டு, "டொக்டர், முதலிலை உங்கடை வருத்தத்துக்கு மருந்து எடுங்கோ" என்றா. அன்று ஒன்றரை மணித்தியாலம் போனது தெரியவில்லை. இரண்டு பை நிரம்பியது. நடந்த தூரம் வழமையை விட அதிகம். குனிந்து நிமிர்ந்ததற்குக் கணக்கில்லை. நாய்களோடு வந்த மூன்று பேர் நின்று கதைத்தார்கள். அந்தப் பூங்காவில் அத்தனை வருடத்தில் யாரும் எங்களோடு நின்று கதைத்ததில்லை.

சென்ட் லோரன்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறோம். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கே பாதிக்கு மேற்பட்டோர் வேறு நாடுகளில் பிறந்தவர்கள். எல்லோரும் வந்தவர்கள்தான். இடத்தைக் கவனித்துக்கொள்பவர்தான் அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் ஆகிறார். மற்றவர் எத்தனை வருடம் இருந்தாலும் வாடகைக்கு இருப்பவர்போலத்தான்.

குப்பை மட்டுமல்ல, களையும் ஒரு நோய்

ஓகஸ்ட் பிறந்தால் என் கிளினிக்கில் தும்மலும் கண் கடியும் இழுப்பும் நிரம்பிவிடும். பெரும்பாலும் காரணம் 'ராக்வீட்' என்ற களை. பிரெஞ்சில் 'எர்ப் ஆ பூ' என்பார்கள். கரட் இலைபோன்ற இலை, தெருவோரம், வெறும் வளவு, பூங்கா விளிம்பு என்று கிளறிய மண்ணில் எல்லாம் முளைக்கும். ஜூலை இறுதியிலிருந்து பனி கொட்டும் வரை அதன் மகரந்தம் காற்றில் கலக்கும். யாழ்ப்பாணத்தில் பரவி, சிரமதானம் வைத்துப் பிடுங்கப்பட்ட பார்த்தீனியம் இதற்குச் சொந்தக்காரச் செடிதான். ஆனால் பார்த்தீனியம்போல அல்லாமல் ராக்வீட் தொட்டால் பொதுவாகத் தோல் கடிக்காது. வேர் ஆழமில்லை. கையால் இழுத்தால் வந்துவிடும்.

மொன்றியலுக்குத் தென்மேற்கே சலபெரி-டு-வலிஃபீல்ட் நகரில் 2007 முதல் 2010 வரை பொதுச் சுகாதாரத் துறையினர் ஒரு பரீட்சை செய்தார்கள். நகரசபை, பொதுமக்கள், நிறுவனங்கள் எல்லோரும் சேர்ந்து இந்தக் களையைக் கட்டுப்படுத்தினார்கள். மகரந்தம் குறைந்தது, ஒவ்வாமை உள்ளவர்களின் தொல்லையும் குறைந்தது. பத்துப் பேர் ஜூலையில் ஒரு காலை ஓடிப் போய்க் களை பிடுங்கினால், ஓகஸ்டில் ஒரு பிள்ளைக்கு இழுப்பு மருந்து குறையக்கூடும். நான் எழுதும் எந்த மருந்துச் சீட்டுக்கும் இப்படி இரண்டு பேருக்குச் சுகம் கொடுக்கும் சக்தி இல்லை.

என் யோசனை

எங்கள் சங்கம் பொங்கல் வைக்கிறது, விளையாட்டுப் போட்டி நடத்துகிறது, கலைவிழா எடுக்கிறது. எல்லாவற்றிலும் சாப்பாடு உண்டு. இதோடு மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை ஓட்டமும் சிரமதானமும் என்று வைப்போம். ஏப்ரல் முதல் ஒக்ரோபர் வரை ஏழு தடவை. இருபது நிமிடம் ஓட்டம் அல்லது நடை, நாற்பது நிமிடம் வேலை, திரும்ப இருபது நிமிடம். ஏப்ரல், மே மாதங்களில் குப்பை. ஜூன், ஜூலையில் ராக்வீட். ஓகஸ்டில் புதிதாக நட்ட மரங்களுக்குத் தண்ணீர். இலையுதிர் காலத்தில் மறுபடி குப்பை.

ஆனால் கேட்காமல் எதையும் பிடுங்கக் கூடாது. காட்டுப் பகுதியில் செடிகள் பாதுகாக்கப்பட்டவை. முதலில் வட்டார நிர்வாகத்துக்கு 311இல் அழைத்துக் கதைத்து, எங்கே என்ன செய்யலாம் என்று அறிந்துகொள்வோம்.

வைத்தியர் என்ற முறையில் சில குறிப்புகள்:

1. ஓடத்தான் வேண்டும் என்றில்லை. கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அந்த வேகம் போதும். கடைசியாக வருபவரோடு எப்போதும் ஒருவர் கூடவே நடக்க வேண்டும்.

2. நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்று, வழமைக்கு மாறான மூச்சுத் திணறல் வருபவர்கள் முதலில் தங்கள் வைத்தியரைப் பார்க்க வேண்டும். வேலை நடுவில் வந்தால் 911.

3. இன்சுலினோ, குளுக்கோசை இறக்கும் சில வகைக் குளிசைகளோ எடுப்பவர்கள் பொக்கற்றில் இனிப்போ ஜூஸோ வைத்திருக்க வேண்டும். சீனி வருத்தக்காரர் நல்ல சப்பாத்துப் போட்டு, வீட்டுக்கு வந்ததும் பாதங்களைப் பார்க்க வேண்டும்.

4. நாரியை வளைக்காமல் முழங்காலை மடித்துக் குனியுங்கள். கனத்த பையை இருவர் தூக்குங்கள்.

5. தடித்த கையுறை கட்டாயம். ஊசியோ உடைந்த கண்ணாடியோ கண்டால் தொடாமல் 311க்கு அறிவியுங்கள். பிள்ளைகளுக்கு இதை முதலே சொல்லுங்கள்.

6. மொன்றியல் பகுதியிலும் 'லைம்' நோய் பரப்பும் உண்ணி உண்டு. நீளக் காற்சட்டையைச் சொக்ஸுக்குள் விட்டு, வீட்டுக்கு வந்ததும் உடம்பைப் பார்த்துக் குளியுங்கள்.

7. ஒவ்வாமை உள்ளவர்கள் ராக்வீட் பூத்த பிறகு அதன் பக்கம் போக வேண்டாம். பூக்குமுன் பிடுங்குவதுதான் பயன்.

இப்படிக் குனிவதும் தூக்குவதும் இழுப்பதும் தசைகளுக்கு நல்லது. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடம் வேகமான அசைவும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்று கனேடிய வழிகாட்டிகள் சொல்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமையால் அது நிறைவேறாது. ஆனால் மற்ற நாட்களில் யாரோடு நடப்பது என்ற கேள்விக்கு அந்தச் சனிக்கிழமையில் விடை கிடைக்கும்.

"வரி கட்டுறம்தானே?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நியாயமான கேள்வி. பூங்காவைத் துப்புரவாக வைப்பது நகரசபையின் கடமை. அதைக் கேட்டு வாங்க எங்களுக்கு உரிமை உண்டு. நாங்கள் இறங்குவதால் அவர்களுடைய தொழிலாளரின் வேலை போகக் கூடாது, அவர்களுடைய பொறுப்பும் குறையக் கூடாது. ஆனால் பூங்காவில் வேலை செய்யும் ஐம்பது பேர் நகரசபைக்குப் போய் "இங்கே தொட்டி போதாது, அந்தப் பாதையில் வெளிச்சம் இல்லை" என்று சொல்லும்போது அந்தக் குரலுக்கு மதிப்பு வேறு. வீட்டுக் கதிரையில் இருந்து சொல்லும் முறைப்பாட்டுக்கு அந்த மதிப்பு இல்லை. அதோடு, வரி கட்டினால் நகரசபை பூங்காவைக் கூட்டும். எங்கள் குருதிக் குழாய்களைக் கூட்டாது. அந்த வேலையை நாங்கள்தான் செய்ய வேண்டும்.

அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஓட வேண்டாம். சேலையோடோ சல்வாரோடோ வந்து நடந்தால் போதும். களை எது, பயிர் எது என்று எங்களில் நன்றாகத் தெரிந்தவர்கள் நீங்கள்தான். இங்கே பிறந்த பேரப்பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க நேரமில்லை என்று கவலைப்படுகிறீர்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மண், வேர், விதை, இலை, புழு என்ற சொற்களை வகுப்பறையை விட அங்கே சீக்கிரம் படிக்கும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்த யோசனையை முன்வைக்கப் போகிறேன். ஐந்து பேர் கையை உயர்த்தினால் போதும், ஏப்ரலில் தொடங்கலாம். கையுறைகளை நான் கொண்டுவருகிறேன். பூங்காவில் என்னைக் குனிந்தபடி கண்டால் தயவுசெய்து காணாததுபோலத் திரும்பிப் போகாதீர்கள். கிட்ட வாருங்கள். பையின் மற்றப் பக்கத்தைப் பிடியுங்கள்.



– ஒரு குடும்ப வைத்தியர், சென்ட் லோரன்ட்